இருண்ட பாட்டுக்குப் பொறுப்பாளி யார்?

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவுக்கு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து ஒரு ரசிகர் கடிதம் எழுதினார். கூடவே ஒரு பாட்டையும் அனுப்பியிருந்தார். பாட்டை எழுதியது ரசிகர் அல்ல, சாட்ஜிபிடி. நிக் கேவ் பாணியில் ஒரு பாட்டு எழுது என்று கேட்டதும் அது எழுதிக் கொடுத்துவிட்டது. பாவி, இருட்டு, நரகம், தேவதை என்று நிக் கேவின் பாட்டுகளில் புழங்கும் சாமான்கள் எல்லாம் அதில் சரியாக இருந்தன.

நிக் கேவ் பதில் எழுதினார். ரசிகர்களின் கேள்விகளுக்காகவே அவர் நடத்தும் 'ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ்' தளத்தில் அது வெளிவந்தது. கடுமையான பதில். பாட்டு துன்பத்திலிருந்து பிறக்கிறது, இயந்திரத்துக்குத் துன்பம் தெரியாது, தரவுகள் எதையும் அனுபவிப்பதில்லை, ஆகவே இது மனிதனைக் கேலி செய்யும் வேலை என்பதுதான் அதன் சாரம்.

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. 2015 ஜூலையில் அவருடைய 15 வயது மகன் ஆர்தர் இங்கிலாந்தில் பிரைட்டன் அருகே ஒரு செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்தான். அதற்குப் பின் 2016ல் வந்த 'ஸ்கெலிட்டன் ட்ரீ', 2019ல் வந்த 'கோஸ்டீன்' ஆகிய ஆல்பங்களைக் கேட்டவர்களுக்கு அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது புரியும்.

ஆனால் நிக் கேவ் சொன்னது முழுக்கச் சரியா? துன்பப்பட்டவர் மட்டும்தான் இருண்ட பாட்டை எழுத வேண்டுமா? அப்படியானால் செயற்கை நுண்ணறிவை வைத்துத் தன் துக்கத்தைப் பாட்டாக்கும் ஒருவரை எந்தக் கணக்கில் வைப்பது? கேள்வி அவ்வளவு எளிதானதல்ல.

கம்ப்யூட்டர் பாட்டுக்கு வயது அறுபதுக்கு மேல்

கம்ப்யூட்டரை இசையமைக்க வைப்பது புதிய விஷயம் அல்ல. 1957லேயே அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர், லியனார்ட் ஐசக்சன் என்ற இருவர் 'இலியாக்' கம்ப்யூட்டரைக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார்கள். கம்ப்யூட்டர் கொடுத்தது ஸ்வரங்களை மட்டும்தான். வாசித்தது மனிதர்கள். வார்த்தைகளே கிடையாது. எனவே துக்கம், பொறுப்பு போன்ற சிக்கல்களும் எழவில்லை.

வார்த்தையோடும் குரலோடும் பாட்டு வரத் தொடங்கியது மிகவும் பின்னால். 2020ல் ஓபன்ஏஐ நிறுவனம் 'ஜூக்பாக்ஸ்' என்ற மாடலை வெளியிட்டது. குரல் தெளிவில்லாமல், தூரத்து ரேடியோ போல இரைச்சலோடு வந்தது. நான்கே வருடத்தில் நிலைமை தலைகீழ். 2024 மார்ச்சில் சூனோ நிறுவனம் தன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. ஏப்ரலில் யூடியோ வந்தது. இரண்டிலும் நாலு வரி எழுதிப் பட்டனை அழுத்தினால், தாளம், கிட்டார், குரல் எல்லாம் சேர்ந்த பாட்டு ஒரு நிமிடத்துக்குள் தயார். அந்த வருடம் சூனோவின் கட்டணத் திட்டம் மாதம் 10 டாலருக்கு 500 பாட்டு என்று இருந்தது. அதாவது ஒரு பாட்டின் அடக்க விலை 2 சென்ட்.

வணிகவியல் படிக்கும் யாருக்கும் இந்த எண் ஒரு விஷயத்தை உடனே சொல்லும். ஒரு பொருளின் உற்பத்திச் செலவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் சந்தையில் அது குவியும். அப்படியே நடந்தது. பிரான்சின் டீசர் நிறுவனம், தன் தளத்துக்குத் தினமும் வந்து சேரும் முழு ஏஐ பாட்டுகள் 50 ஆயிரம் என்று 2025 நவம்பரில் சொன்னது. வந்து சேரும் மொத்தப் பாட்டுகளில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். அதே மாதம் எட்டு நாடுகளில் 9 ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவையும் வெளியிட்டது. ஏஐ பாட்டு எது, மனிதர் பாட்டு எது என்று 97 சதவீதம் பேரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆக, காதால் கண்டுபிடிக்க முடியாது. வேறு எதனால்தான் கண்டுபிடிப்பது?

சராசரி இருட்டு

இயந்திரம் பாட்டு எழுதும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. லட்சக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு வார்த்தைக்குப் பின்னால் எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுவதுதான் அதன் அடிப்படை. சோகப் பாட்டு எழுது என்று சொன்னால், உலகத்துச் சோகப் பாட்டுகளில் எல்லாம் அதிகம் புழங்கிய பாதையில் அது நடக்கும். மழை, நிழல், உடைந்த கண்ணாடி, எதிரொலி, வெறுமையான அறை. ஆங்கிலத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் இந்தச் சாமான்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

உண்மையான துக்கமோ பொதுவான பாதையில் நடப்பதில்லை. அம்மாவைப் பறிகொடுத்த ஒருவனைப் பேசவிட்டுக் கேட்டால் நிழல், எதிரொலி என்று எதையும் சொல்ல மாட்டான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன ஹார்லிக்ஸ் ஃபிளாஸ்க்கைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினதைச் சொல்வான். அவள் செல்போனுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பதைச் சொல்வான். இதெல்லாம் சராசரியில் கிடைக்காது. அந்த ஒருவனிடம் மட்டும்தான் கிடைக்கும்.

இயந்திரத்துக்கு இப்படிப்பட்ட விவரங்களைப் போலியாகச் சேர்க்கவும் தெரியும். ஃபிளாஸ்க் வேண்டும் என்று கேட்டால் ஃபிளாஸ்க் வைத்துக் கொடுக்கும். வரி நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஃபிளாஸ்க் எந்த வீட்டிலும் இல்லை. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

கூலிக்கு மாரடித்தால் தப்பா?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கும். மனிதர்கள் மட்டும் என்ன, எல்லாவற்றையும் அனுபவித்தா எழுதினார்கள்? சினிமாவில் கதாநாயகியின் அப்பா செத்தால், டியூனைக் கேட்டுவிட்டுப் பாடலாசிரியர் எழுதிக் கொடுக்கிறார். செத்தது அவருடைய அப்பா அல்ல. கிராமத்தில் காசு வாங்கிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆட்கள் உண்டு. கூலிக்கு மாரடிப்பது என்று பழமொழியே இருக்கிறதே?

கேள்வி சரிதான். ஆனால் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்ணைச் சற்று கவனித்தால் ஒன்று தெரியும். பாதி ஒப்பாரிக்குப் பிறகு அவள் அழுவது அந்த வீட்டுப் பிணத்துக்கு அல்ல. செத்துப்போன தன் அண்ணனையும், கைவிட்டுப் போன புருஷனையும் நினைத்துத்தான். சாவு வீட்டில் அழும் பலருக்கும் இது பொருந்தும். அழுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான். காசு கொடுத்து அழைத்தாலும், அழுகைக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறாள்.

இதைவிடத் தெளிவான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஏபல் மீரோபோல் என்பவர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பள்ளி ஆசிரியர். யூதர், வெள்ளைத் தோல்காரர். 1930ல் இண்டியானா மாநிலத்தின் மேரியன் ஊரில் இரண்டு கறுப்பின இளைஞர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். அந்தப் புகைப்படத்தைப் பிற்பாடு மீரோபோல் பார்த்தார். பல நாட்கள் அது அவரைத் தொந்தரவு செய்தது. ஒரு கவிதை எழுதினார். 1937ல் ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் அது வெளிவந்தது. பிறகு பாட்டானது. அதுதான் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'.

மீரோபோலை யாரும் மரத்தில் கட்டவில்லை. அவர் குடும்பத்தில் யாரும் அப்படிச் சாகவில்லை. நிக் கேவின் கணக்குப்படி பார்த்தால், அந்தத் துன்பத்தைப் பாட இவருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிக இருண்ட பாட்டுகளில் ஒன்று அது. பில்லி ஹாலிடே 1939ல் அதைப் பாடினார். அவருடைய வழக்கமான ரெக்கார்டு கம்பெனியான கொலம்பியா பதிவு செய்ய மறுத்துவிட்டது. கமோடோர் என்ற சிறிய கம்பெனிதான் பதிவு செய்தது. அந்தப் பாட்டு தன் தந்தை செத்த விதத்தை நினைவூட்டியதாக ஹாலிடே தன் சுயசரிதையில் சொல்கிறார்.

எழுதியவருக்கு என்ன ஆயிற்று? 1940களின் தொடக்கத்தில் நியூயார்க் பள்ளிகளில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணைக் குழு மீரோபோலைக் கூப்பிட்டது. இந்தப் பாட்டை எழுதக் கம்யூனிஸ்ட் கட்சி காசு கொடுத்ததா என்று கேட்டது. அவர் போய் நின்று பதில் சொன்னார்.

விஷயமே இதுதான். அந்தப் பாட்டுக்காக விசாரணைக்குக் கூப்பிட ஓர் ஆள் இருந்தார்.

கையெழுத்து இல்லாத புரோநோட்டு

ஒரு புரோநோட்டில் ஒரு லட்சம் ரூபாய் என்று அழகாக எழுதியிருக்கலாம். ஸ்டாம்பு ஒட்டியிருக்கலாம். தேதி இருக்கலாம். கையெழுத்து இல்லையென்றால் அது வெறும் தாள். எழுத்து மோசம் என்பதால் அல்ல. பணம் வராதபோது எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது தெரியாது, அதனால்.

இருண்ட பாட்டும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு குத்துப்பாட்டு, கல்யாண வீட்டு மெட்டு, கடையில் பின்னணியில் ஓடும் இசை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் தேவையில்லை. அவற்றை இயந்திரம் செய்தால் வேலைவாய்ப்புப் பிரச்சினை வரும், உண்மைப் பிரச்சினை வராது. ஆனால் மரணம், தற்கொலை எண்ணம், போர், சாதிக் கொடுமை, குழந்தையை இழந்த வேதனை என்று ஒரு பாட்டு பேசும்போது, கேட்பவர் அந்தப் பாட்டை நம்பி ஒன்றைக் கொடுக்கிறார். 'இப்படி இன்னொருவருக்கும் நடந்திருக்கிறது, அவரும் இதைத் தாண்டி உட்கார்ந்து பாடியிருக்கிறார்' என்ற நம்பிக்கையைக் கொடுக்கிறார். அந்த இன்னொருவர் இல்லையென்றால் அது மோசடி.

சினிமாவில் கிளிசரின் போட்டு அழுகிறார்களே, அது மோசடி இல்லையா? இல்லை. சினிமா தன்னைச் சினிமா என்று டிக்கெட்டிலேயே சொல்லிவிடுகிறது. பாடலாசிரியரின் பெயர் டைட்டிலில் வருகிறது. வரி தப்பென்றால் அவரைத் திட்டலாம், வழக்குப் போடலாம், மேடையில் நிறுத்திக் கேட்கலாம்.

ஆகவே நிக் கேவ் சொன்னதைச் சற்றே மாற்றிச் சொல்லலாம். இருண்ட பாட்டு எழுதத் துன்பப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பதில் சொல்ல வேண்டும். அது போதும். அதுவும் இல்லையென்றால் எதுவும் இல்லை.

மூன்று பாட்டுகள்

இந்த அளவுகோலை வைத்து நடந்த சம்பவங்கள் மூன்றைப் பார்க்கலாம்.

முதலாவது 2021 ஏப்ரலில் வந்தது. கனடாவின் டொரண்டோ நகரில் 'ஓவர் தி பிரிட்ஜ்' என்ற அமைப்பு இசைத்துறையினரின் மனநலத்துக்காக வேலை செய்கிறது. 27 வயதில் இறந்த கலைஞர்களான கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜிம் மாரிசன் ஆகியோரின் பாணியில் அவர்கள் நான்கு பாட்டுகளை ஏஐ மூலம் உருவாக்கினார்கள். அதில் நிர்வானா பாணியில் வந்த 'ட்ரவுண்ட் இன் தி சன்' பெரிதும் பேசப்பட்டது. கூகுளின் மெஜந்தா மென்பொருள் பழைய பாட்டுகளை அலசி மெட்டுத் துணுக்குகளைக் கொடுத்தது. வரிகளை இன்னொரு மென்பொருள் எழுதியது. குப்பையாக வந்ததை எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து கழித்துக்கட்டினார்கள். நிர்வானா பாட்டுகளையே மேடையில் பாடிவரும் எரிக் ஹோகன் குரல் கொடுத்தார்.

செத்துப்போனவரின் துக்கத்தை இயந்திரத்தை விட்டு எழுதவைப்பது முதல் பார்வைக்கு அருவருப்பாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த அமைப்பு எதையும் மறைக்கவில்லை. இயந்திரம் எழுதியது என்று முதல் நாளே சொன்னது. நோக்கத்தையும் சொன்னது. இசைக்கலைஞர்களின் மனவேதனையை 'அதுதான் கலை' என்று கொண்டாடிவிட்டு அவர்களைச் சாகவிடுவது தவறு, அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் இன்னும் எத்தனை பாட்டுகள் கிடைத்திருக்கும் என்று காட்டத்தான் இது என்றது. பாட்டுக்கு அந்த அமைப்பு பொறுப்பு ஏற்றது. இதைப் பிடிக்காமல் போகலாம். போலி என்று சொல்ல முடியாது.

இரண்டாவது 2025 ஜூன் மாதம். 'தி வெல்வெட் சன்டவுன்' என்ற பெயரில் ஒரு ராக் குழு ஸ்பாட்டிஃபை தளத்தில் தோன்றியது. அதே மாதத்தில் இரண்டு ஆல்பங்கள். 1970களின் ராக் இசை பாணி, போருக்கு எதிரான தொனியில் வரிகள், பழுப்பு நிறத்தில் நாலு பேர் போட்டோ. மாதத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள். ஜூலை மாதம்தான் இது ஏஐ உதவியோடு உருவாக்கப்பட்ட செயற்கை இசைத் திட்டம் என்று அவர்களுடைய பக்கத்திலேயே எழுதினார்கள். போட்டோவில் இருந்த நாலு பேரும் பிறக்கவே இல்லை.

போருக்கு எதிராகப் பாடுவது ஒரு காலத்தில் விலை கொடுத்துச் செய்த வேலை. வியட்நாம் போர் நடந்த வருடங்களில் போரை எதிர்த்த பாடகி ஜோன் பயஸ், ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலக வாசலை மறித்ததற்காக 1967ல் சிறைக்குப் போனார். அதே தொனியை எடுத்துக்கொண்டு, எந்தப் போரையும் பெயர் சொல்லாமல், எந்த அரசையும் குற்றம் சொல்லாமல், கைது செய்ய ஆளே இல்லாத ஒரு குழு பாடுகிறது. வரிகள் பொல்லாதவை அல்ல. ஆனால் அது புரோநோட்டு அல்ல, வெறும் தாள்.

மூன்றாவதுதான் சிக்கலானது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டெலிஷா ஜோன்ஸ் என்ற பெண் கவிதை எழுதுபவர். தன் கவிதைகளைச் சூனோவில் போட்டு, 'ஸனியா மோனே' என்ற பெயரில் ஒரு கற்பனைப் பாடகியைப் பாடவைத்தார். தந்தையின் அன்பு கிடைக்காமல் வளர்ந்த ஒரு பெண் கேட்கும் கேள்வியாக வந்த பாட்டு ஒன்று பெரும் கவனம் பெற்றது. 2025 செப்டம்பரில் ஹால்வுட் மீடியா நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 30 லட்சம் டாலர் வரை ஏலம் போனதாகப் பில்போர்டு பத்திரிகை எழுதியது. நவம்பரில் அந்தப் பாட்டு பில்போர்டின் வானொலிப் பட்டியல் ஒன்றிலும் ஏறியது. பாடகி கெலானி போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வருடக்கணக்கில் குரலைப் பழக்கியவர்கள் தெருவில் நிற்க, ஒரு நாளும் பாடாத பொம்மைக்கு இவ்வளவு பணமா என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனால் இங்கே வார்த்தைக்குச் சொந்தக்காரி இருக்கிறார். 2025 நவம்பரில் அவர் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு வந்து, வரிகள் என் வாழ்க்கை, ஏஐ ஒரு கருவி என்று முகம் காட்டிச் சொன்னார். புனைபெயர் ஒரு குறையே அல்ல. 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டிலும் லூயிஸ் ஆலன் என்ற புனைபெயர்தான் இருந்தது. பெயருக்குப் பின்னால் கதவைத் திறக்க ஆள் உண்டா என்பதுதான் கேள்வி. இந்தப் பெண் விஷயத்தில் உண்டு.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சூனோ போன்ற கருவிகளில் வரிகளை எழுத ஒரு பெட்டி, இசைப் பாணியை எழுத ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும். இரண்டாவது பெட்டியை இயந்திரத்திடம் விடுவது ஒரு வகை. முதல் பெட்டியையும் விடுவது வேறு வகை. பாட வராதவர், கிட்டார் வாங்க வழியில்லாதவர், ஸ்டுடியோ வாடகை கொடுக்க முடியாதவர் தன் துக்கத்துக்கு ஒரு மெட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். துக்கத்தையே வாடகைக்கு எடுக்கக் கூடாது.

அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்திலேயே கோடு போட்டிருக்கிறது. அந்நாட்டின் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், கட்டளை கொடுத்ததால் மட்டும் ஒருவர் அந்தப் படைப்பின் ஆசிரியர் ஆகிவிட முடியாது என்றது. மனிதர் தானே எழுதிய பகுதிக்கு மட்டும் உரிமை உண்டு என்றது.

இயந்திரத்தின் இருட்டு யாருடையது?

இன்னொரு கடனும் இருக்கிறது. இயந்திரத்துக்குச் சோகமாகப் பாடச் சொல்லிக் கொடுத்தது யார்? நிஜமாக அழுது பாடிய ஆயிரக்கணக்கான மனிதர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

2024 ஜூனில் யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய கம்பெனிகளும் சூனோ மீதும் யூடியோ மீதும் வழக்குப் போட்டன. அனுமதி இல்லாமல் பாட்டுகளைப் பயிற்சிக்கு எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இணையத்தில் கிடைத்த தரமான பாட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பயிற்சிக்கு எடுத்ததைச் சூனோ மறுக்கவில்லை, அது நியாயமான பயன்பாடு என்று வாதாடியது. 2025 அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவுடன் சமரசம் ஆனது. நவம்பரில் வார்னர் இரண்டோடும் சமரசம் ஆனது. அதே நவம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், ஒன்பது ஜெர்மன் பாட்டுகளின் வரிகள் தொடர்பான வழக்கில் ஓபன்ஏஐக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

சமரசம் கம்பெனிகளுக்கு இடையில் நடந்தது. பாடியவருக்கு அதில் எத்தனை பைசா போய்ச் சேரும் என்பது தனிக்கதை. இந்த விஷயத்தில் தமிழ் சினிமாவில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2024ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் பயன்படுத்தினார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். யாருடைய குரல், யாரிடம் கேட்டது, யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. ஒரு உற்சாகப் பாட்டுக்கே இவ்வளவு கவனம் தேவை என்றால், சாவைப் பாடும் பாட்டுக்கு எவ்வளவு தேவை?

கேட்க ஆள் வேண்டும்

இதுவரை சொன்னது எல்லாம் கேட்பவர் பக்கம் நின்று. எழுதுபவர் பக்கம் நின்றும் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

2025 ஜனவரியில் சூனோவின் தலைவர் மைக்கி ஷுல்மன் ஒரு பேட்டியில், இசை உருவாக்கச் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதியைப் பெரும்பாலானோர் ரசிப்பதில்லை என்ற பொருளில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். வாத்தியம் பழக நேரம் ஆகிறது, மென்பொருள் பழக நேரம் ஆகிறது, அந்தச் சிரமத்தை நீக்கிவிட்டோம் என்பது அவர் வாதம்.

சிரமம் நீங்கியது உண்மை. கூடவே வேறொன்றும் நீங்கியது. ஒரு கல்லூரி மாணவன் விடுதி அறையில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு பாட்டு எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய முறையில் அவன் அந்தத் தாளை யாரிடமாவது நீட்டியாக வேண்டும். கிட்டார் தெரிந்த நண்பனிடம், மெட்டுப் போடும் சீனியரிடம், மைக் வைத்திருக்கும் அண்ணனிடம். வாங்கிப் படித்தவன் மெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "டேய், என்னடா ஆச்சு உனக்கு? சாப்பிட்டியா?" என்று கேட்பான். எல்லா நண்பர்களும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்க ஒரு வாய்ப்பு இருந்தது. பாட்டு உருவாகும் வழியில் நாலு பேருடைய கண்ணில் அந்த வரிகள் பட்டன.

இப்போது அவன் அதே வரிகளைப் பெட்டியில் போடுகிறான். என்ன பாணி வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. மென்மையான பியானோ, பெண் குரல், மெதுவான தாளம் என்று தேர்ந்தெடுக்கிறான். ஒரு நிமிடத்தில் பாட்டு வருகிறது. அருமையாக இருக்கிறது. விடிய விடியத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் வரியை அவனுக்கே அழகாகத் திருப்பிப் பாடுகிறது. கதவு மூடியே இருக்கிறது.

எழுதுவதால் மனபாரம் குறையும் என்பதும் உண்மைதான். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை முதலில் இயந்திரத்திடம் சொல்லிப் பார்ப்பது சிலருக்கு ஒரு தொடக்கமாக அமையலாம். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது அங்கேயே முடிந்துவிடக் கூடாது. இருண்ட பாட்டு பிறப்பதே இன்னொருவர் காதில் விழத்தான்.

எனவே, செயற்கை நுண்ணறிவை வைத்து இருண்ட பாட்டு செய்யலாமா என்றால், செய்யலாம். வரிகள் சொந்தமாக இருக்கட்டும். இயந்திரம் செய்த பங்கை ஒளிக்காமல் சொல்லட்டும். அடுத்தவர் குரலையோ துக்கத்தையோ எடுத்தால் கேட்டு எடுக்கட்டும். யாராவது வந்து 'இது யார் பாட்டு?' என்று கேட்டால், 'என்னுடையது' என்று எழுந்து நிற்க ஓர் ஆள் இருக்கட்டும்.

செய்து முடித்ததும் அந்தப் பாட்டை ஊருக்குப் போடுவதற்கு முன்னால், நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவைப்பது நல்லது. அது கிடைத்தவர், பாட்டு நல்லா இருக்கு என்று பதில் அனுப்புவதோடு நிறுத்தாமல் ஒரு போன் பண்ண வேண்டும். இயந்திரம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த போனைப் பண்ண வேண்டியது மனிதர்தான்.